ஒரு ஜி

செவ்வாய்ப்பேட்டை பார்சல் ஆபீசில்
வேலைக்குச் சேர்ந்த அன்று
முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று:
"இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் சொல்வியா?"
தலையாட்டினேன்.
தலைக்குத் திக்காது.

நாக்பூர் கிளைக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு இந்தி தெரியாது.
இருபத்தாறு எழுத்துதான் பொதுச் சொத்து.
ஜவ்வரிசி மூட்டை ஏறி முடிந்ததும்
சரக்கு யாருக்கு என்று
ஒவ்வோர் எழுத்தாகப் போனில் இறக்க வேண்டும்.
ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் டபுள்.
தக்கர் என்றால்
டி, எச், ஏ, டபுள் கே.

எனக்கு மற்ற எழுத்தெல்லாம் கொஞ்சம் மிரளும்.
ட மட்டும் படுத்தேவிடும்,
தொப்பூர் ஏற்றத்தில் லோடு வண்டி மாதிரி.
சரி, டபுளே வேண்டாம்,
எழுத்தை இரண்டு தரம் சொல்லிவிடலாம் என்று
கே, கே என்றேன்.
அது பேரில் இருக்கிற கேயா
என் வாயில் இருக்கிற கேயா
சுனந்தாவுக்கு எப்படித் தெரியும்,
ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்?

இதில் டபிள்யூ வேறு.
இருப்பது ஒற்றை எழுத்து,
பேரிலேயே இரட்டை.
பேர் வைத்த புண்ணியவான்
நிச்சயம் திக்குவாய்க்காரன் இல்லை.

அன்றைக்கு நூற்று எண்பது மூட்டை.
அகர்வால், இத்வாரி பஜார்.
ஒரு ஜி.
ஏ சொன்னேன்.
ஜி சொன்னேன்.
சொன்னதை நாக்கு விடவில்லை,
இன்னொரு ஜி வந்தது.
மூன்றாவதை விழுங்கிவிட்டேன்.

அதே தெருவில் நாலு கடை தள்ளி
இரண்டு ஜி போட்ட அகர்வால் ஒருவர் இருப்பதும்
அவரும் ஜவ்வரிசி வியாபாரி என்பதும்
கேள்வி கேட்காமல் இறக்கிக்கொண்டார் என்பதும்
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.
"டேய் டேய் டேய்" என்றார் முதலாளி.
மூன்று தரம்.
அதை யாரும் திக்கல் என்று சொல்லவில்லை.

ராத்திரி
பில் புத்தகத்தின் பின் அட்டையில்
என் பேரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
இங்கே டபுள் கிடையாது.
முன்னால் நிற்பதற்குத் தலையில் புள்ளி,
பின்னால் வருவதற்கு வெறுந்தலை.
அப்
என்று உதடு ஒட்டுகிற இடம் அந்தப் புள்ளி.
எல்லாரும் அங்கே மூடித்தான் திறக்கிறார்கள்.
எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

மறுநாள் சுனந்தாதான் ஆரம்பித்தாள்.
எல்லில் நான் மாட்டிக்கொண்டதும்
போனுக்குள் ஒரு சத்தம்.
டொக்.
பேனாவாக இருக்கும்.
கொஞ்சம் பொறுத்து, கேள்வி மாதிரி,
டொக் டொக்.
மல்லிக்குக்கு இரண்டு எல்.
என் பேனாவை எடுத்து
ரிசீவரில் இரண்டு தட்டினேன்.

அவ்வளவுதான், சட்டம் மாறிவிட்டது.
வாய் எத்தனை தரம் சொன்னாலும் செல்லாது,
தட்டுதான் கணக்கு.
அந்த வருஷம் ஒரு மூட்டை வழி தவறவில்லை.
முதலாளி மட்டும் அவ்வப்போது கேட்பார்,
"லைன்ல என்னடா கொசு அடிக்கிறே?"

சேர்வராயன் மலை மேகத்துக்குள் போய்விட்ட
ஒரு சாயங்காலம். லோடு இல்லை.
சும்மா பேசியவள் என் பேரைக் கேட்டாள்.
ஏ.
பி, டொக் டொக்.
ஏ.
என், டொக் டொக்.
ஏ.
என்.
கடைசி என்னுக்குத் தட்ட மறந்துவிட்டேன்.
காத்திருந்தாள்.
டொக்.

"அப்" என்றாள்,
அங்கேயே நின்றுவிட்டாள்.
புதுப் பேர் இல்லையா.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை,
தட்டவுமில்லை.
லைனில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"பன்னன்" என்று முடித்தாள்.
மூன்று சுழியை
இங்கிலீஷ் எந்தக் காலத்தில் சுமந்தது?
இருக்கட்டும்.
சரக்கு வந்து சேர்ந்துவிட்டது.